வெள்ளியில் நீலம் பதிக்க

எங்கள் வவுனியாப் பட்டறைக்கு வரும் நீலக்கற்கள் இரத்தினபுரி, எலஹெரப் பக்கத்தவை. கல் வாங்கப் போனால் கடை விளக்கின் கீழ் விலை பேசாதீர்கள். வெள்ளைத்தாளில் வைத்துக் காலை வெளிச்சத்தில் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்சில் உருண்டைக் குமிழி தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி. நிறக்கோடுகள் நேராகவோ கோணமாகவோ ஓடினால் நம்பிக்கை வைக்கலாம். வில்போல வளைந்தால் உலையில் செய்த கல். அத்தகைய கற்கள் நூறாண்டுக்கும் மேலாக உலகில் உலவுகின்றன. சனிக்குரிய கல் என்று அஞ்சுவோரும் உண்டு. எனக்குக் கல்லைவிட வியாபாரியிடந்தான் பயம்.

மோதிரத்துக்கு 925 வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உள்ள கலவை. கல்லைச் சுற்றும் பட்டிக்கு மட்டும் சுத்த வெள்ளி, வளைந்து கொடுக்கும். கல்லின் இடுப்பை நூலால் அளந்து பட்டியை வெட்டுங்கள். வெங்காரம் தடவி, பொடி (எளிதில் உருகி ஒட்டும் வெள்ளிக் கலவை) வைத்து, தீயை ஊதி ஒட்டுங்கள். பிறகு புளித்தண்ணீரில் போட்டால் கறுப்பு கழன்றுவிடும்.

ஊதும் வேலை முழுவதும் முடிந்த பிறகே கல் உள்ளே போக வேண்டும். ஒருமுறை கல் பதித்த மோதிரத்தைப் பெரிதாக்க அப்படியே நெருப்பில் காட்டினேன். 'டிக்' என்றது. கல்லின் நடுவே மயிரிழைக் கீறல். அக்காவின் கல் அது. இன்றும் தீபாவளிக்குத் தீபாவளி கேட்கிறார்.

பட்டியை ஒரே பக்கமாக அமுக்கிக்கொண்டு போனால் கல் சரியும். வடக்கே ஓர் அமுக்கு, தெற்கே ஒன்று, கிழக்கு, மேற்கு, அப்புறம் இடைவெளிகள். கடைசியில் நகத்தால் தடவுங்கள். சிக்கினால் இன்னும் அமுக்க வேண்டும்.