பொப்பார்ட் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜெர்மனியில் கோப்லென்ஸுக்குத் தெற்கே, ரைன் ஆறு பெரிதாக வளையும் இடத்தில் இருக்கிறது பொப்பார்ட். கப்பலில் வருகிறவர்கள் இறங்குகிறார்கள், கரையோரம் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள், நாற்காலி லிஃப்டில் மலையேறிப் படம் எடுக்கிறார்கள், அடுத்த கப்பலில் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குள் இருக்கும் ரோமக் கோட்டை கண்ணில் படுவதே இல்லை. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

கோட்டை என்றதும் மலையுச்சியை அண்ணாந்து பார்க்காதீர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் உச்சியில் நிற்பவை இடைக்காலக் கோட்டைகள். ரோமர்கள் கட்டியது கீழே, ஆற்றை ஒட்டி. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் கிழக்கே இருந்த எல்லைக்காவலைக் கைவிட்டபின் ரைன் ஆறே பேரரசின் எல்லையானது. அதைக் காக்க அடுத்த நூற்றாண்டில் எழுப்பியதுதான் இது: 308 மீட்டர் நீளம், 154 மீட்டர் அகலம், 28 கோபுரங்கள். பழைய ஊரின் நடுப்பகுதி இந்தச் செவ்வகத்துக்குள்தான் இருக்கிறது. சந்தைத் திடலில் காபி குடிப்பவர் கோட்டைக்குள் உட்கார்ந்துதான் குடிக்கிறார், அது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கோட்டையில் ஆற்றை ஒட்டாத மறுபக்கத்துச் சுவரைப் பாருங்கள். அகழ்ந்து திறந்துவைத்திருக்கிறார்கள். அரைவட்டக் கோபுரங்கள் வெளியே புடைத்து நிற்கும். சுவரை நெருங்குகிறவனைப் பக்கவாட்டிலிருந்தும் தாக்கத்தான் இந்த அமைப்பு. ரோமப் படை போனபின், பிராங்க் என்ற ஜெர்மானிய இனத்து மக்கள் இங்கே இறந்தவர்களைப் புதைத்தார்கள். பலகைக்கல் வைத்த அந்தக் கல்லறைகளும் அங்கேயே இருக்கின்றன. ஆனால் பார்க்கிற பழைய சுவரையெல்லாம் ரோமச் சுவர் என்று நினைத்துவிடக்கூடாது. ஊர் பெருத்தபோது இடைக்காலத்தில் மதிலை நீட்டினார்கள். ஆற்றங்கரையில் இருக்கும் சதுரக் கோபுரக் கோட்டையும் அந்தக் காலத்ததுதான். அதற்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. மரத்தை வளைத்து நாற்காலி செய்து உலகப்புகழ் பெற்ற மைக்கேல் தோனெட் 1796இல் பிறந்தது இந்த ஊரில் என்பதால், நாற்காலிகளுக்கே அங்கே தனி இடம்.

செவேருஸ் தேவாலயத்தையும் வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அதன் அடியில் ரோமப் படையினரின் குளியல் மண்டபம் இருந்தது. அதன்மேல் பழைய கிறிஸ்தவ ஆலயம், அதற்கும் மேல் இன்றைய கட்டடம்.

சரி, மலைக்கும் போகலாம். குன்றுகள் இடையிடையே மறைப்பதால் ஒரே ஆறு நான்கு ஏரிகளாகத் தெரியும் காட்சி அழகுதான். குளிர்காலத்தில் மட்டும் லிஃப்டை நம்பிப் போகாதீர்கள்.

போக்குவரத்தில் ஒரு விஷயம். மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ஆற்றின் குறுக்கே பாலமே கிடையாது. வரைபடத்தில் எதிர்க்கரை பக்கத்தில் தெரிகிறதே என்று அங்கே அறை எடுத்தால், ஒவ்வொரு முறையும் ஆற்றைக் கடக்கப் படகுதான். ராத்திரியில் அதுவும் ஓடாது. கப்பல் பயணம் வேண்டுமானால் ஆறு ஓடும் திசையில், அதாவது வடக்கு நோக்கி, கப்பலில் போங்கள், எதிர்த்திசைக்கு ரயில். நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் கப்பல் ரொம்ப மெதுவாக நகரும்.

அப்புறம், ஆற்றைப் பார்த்த அறைக்குக் கூடுதல் காசு கொடுக்குமுன் யோசியுங்கள். இரண்டு கரைகளிலும் தண்டவாளம் உண்டு, சரக்கு ரயில்கள் விடிய விடிய ஓடும். தூக்கம் லேசாக இருப்பவர்கள் பழைய ஊருக்கு உள்ளே, தண்டவாளத்தைவிட்டுத் தள்ளி அறை கேட்பது நல்லது.