எக்ஸ்எம்எல் மென்பொருள் சந்தை எங்கே போகிறது? நீங்களே கணிக்கப் பழகுங்கள்

தரவுக்கும் ஆவணத்துக்கும் குறிச்சொற்கள் போட்டு எழுதும் வடிவமான எக்ஸ்எம்எல் (XML) செத்துவிட்டது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்பவர் மாலையில் ஒரு வேர்டு கோப்பைச் சேமித்துவிட்டுத்தான் கணினியை அணைக்கிறார். அந்தக் கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே அடுக்கடுக்காக எக்ஸ்எம்எல் கோப்புகள்தான் இருக்கும். பேச்சில் அடிபடாத தொழில்நுட்பம் சந்தையிலும் இருக்காது என்று எண்ணிவிடுவதுதான் இங்கே புதியவர்கள் முதலில் வழுக்கும் இடம்.

எக்ஸ்எம்எல் சேமிப்பு, ஒருங்கிணைப்பு மென்பொருள்களின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று உங்களிடம் யாராவது கேட்டிருக்கலாம். அல்லது இதைக் கற்றுக்கொள்வது வீணா என்று நீங்களே யோசித்துக்கொண்டிருக்கலாம். விலை உயர்ந்த சந்தை அறிக்கை எதையும் வாங்க வேண்டாம். ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

படி 1: எல்லைக்கோட்டைப் போடுங்கள்

"எக்ஸ்எம்எல் சந்தை" என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்பனையாகின்றன. தாளை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்தியில் தனி எக்ஸ்எம்எல் தரவுத்தளங்கள். இவை ஆவணத்தை உடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, எக்ஸ்எம்எல்லுக்கென்றே உள்ள எக்ஸ்கொயரி என்ற வினவல் மொழியில் கேட்கும் கேள்விகளுக்கு விடை தருபவை. சாஃப்ட்வேர் ஏஜி நிறுவனம் 1999இல் கொண்டுவந்த டாமினோ முன்னோடிகளில் ஒன்று. இன்று மார்க்லாஜிக், திறமூலத்தில் பேஸ்எக்ஸ், எக்ஸிஸ்ட் ஆகியவை இந்த வரிசையில் வரும்.

இரண்டாவது, எக்ஸ்எம்எல்லையும் ஏற்றுக்கொள்ளும் வழக்கமான தரவுத்தளங்கள். ஆரக்கிள் 2002இல், எஸ்க்யூஎல் சர்வர் 2005இல், ஐபிஎம்மின் டிபி2 2006இல், போஸ்ட்கிரெஸ் 2008இல் என்று ஒவ்வொன்றாக இந்த வசதியைச் சேர்த்துக்கொண்டன. தரவுத்தளத்தை வாங்கினால் அதுவும் கூடவே வந்துவிடுகிறது. தனி விலைச்சீட்டு பெரும்பாலும் கிடையாது. முதல் பத்தியின் வளர்ச்சியை அமுக்கியது இதுதான் என்பது என் கணிப்பு. இலவச இணைப்பாகக் கிடைக்கும் பொருளுக்குத் தனிக்கடை வைத்துப் பிழைப்பது கடினம்.

மூன்றாவது ஒருங்கிணைப்பு மென்பொருள். ஒரு நிறுவனம் அனுப்பும் எக்ஸ்எம்எல்லை வாங்கி, சரிபார்த்து, இன்னொரு நிறுவனத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும் இடைத்தரகர் வேலை. மூவரில் அதிகம் சம்பாதிப்பவர் இவர்தான்.

படி 2: யார் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று பாருங்கள்

இந்தப் படிக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். எக்ஸ்எம்எல் பிடித்திருக்கிறது என்று இன்று யாரும் வாங்குவதில்லை. எதிரில் இருப்பவர் அந்த வடிவத்தில்தான் வாங்குவேன் என்கிறார், ஆகவே வாங்குகிறார்கள். கட்டாயம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தேதியில் வருகிறது என்று குறித்துக்கொண்டால் பாதி முன்னறிக்கை எழுதியாயிற்று.

வங்கிகளிலிருந்து தொடங்குங்கள். பணப்பரிமாற்றச் செய்திகளுக்கான ஐஎஸ்ஓ 20022 தரநிலை பெரும்பாலும் எக்ஸ்எம்எல்லைச் சார்ந்து நிற்பது. உலக வங்கிகளை இணைக்கும் ஸ்விஃப்ட் வலையமைப்பில் நாடு கடந்த பணம் செலுத்துதலுக்கான புதிய செய்திகள் 2023 மார்ச்சில் புழக்கத்துக்கு வந்தன; எம்டி என்ற பழைய வடிவக் கட்டளைகளோடு சேர்ந்து ஓடிய காலம் 2025 நவம்பரில் முடிந்தது. வங்கிகள் இதற்காகச் செலவழித்ததில் ஆர்வத்தைவிட நாள்காட்டிக்குத்தான் பங்கு அதிகம்.

அடுத்தது மின்விலைப்பட்டியல். இத்தாலி 2019 ஜனவரியிலிருந்து நிறுவனங்களுக்கு இடையிலான பட்டியல்களை எக்ஸ்எம்எல் வடிவில் அரசின் தளம் வழியாக அனுப்பச் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் 2025 ஜனவரி முதல் உள்நாட்டு நிறுவனங்கள் மின்பட்டியலைப் பெறத் தயாராக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் எல்லை தாண்டிய விற்பனைக்கு 2030 ஜூலையைக் குறித்திருக்கிறது. நிதி அறிக்கைகளுக்கு எக்ஸ்பிஆர்எல், விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு எஸ்1000டி, மருத்துவச் சுருக்கங்களுக்கு எச்எல்7 சிடிஏ என்று பட்டியல் நீளும்.

இவற்றையெல்லாம் எக்ஸ்எம்எல்லைவிட எளிய தரவு வடிவமான ஜேசானில் (JSON) எழுதக்கூடாதா என்ற கேள்வி நியாயமானது. எழுதலாம். ஆனால் ஒரு சட்டப் பிரிவின் வாக்கியத்துக்கு நடுவே இரண்டு சொற்களை மட்டும் குறியிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: எக்ஸ்எம்எல்லில் அது இயல்பாக நடக்கும், ஜேசானில் வாக்கியத்தைத் துண்டு துண்டாக நறுக்க வேண்டிவரும். ஸ்கீமா எனப்படும் அமைப்பு விதிகள், டிஜிட்டல் கையொப்பம் ஆகியவற்றுக்கும் எக்ஸ்எம்எல்லில் நெடுங்காலமாக நிலைத்த தரநிலைகள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. கட்டாயம் என்றதும் சேமிப்பு மென்பொருள் விற்கும் என்று எழுதிவிடாதீர்கள். வந்து சேரும் விலைப்பட்டியலை ஒருங்கிணைப்பு மென்பொருள் பிரித்து, சாதாரண அட்டவணைகளில் நிரப்பிவிடுகிறது. மூல எக்ஸ்எம்எல் தணிக்கைக்காக ஓர் ஓரத்தில் உறங்கும். உறங்குவதற்குத் தனித் தரவுத்தளம் தேவையில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டாயத்துக்கும் பக்கத்தில் "நகர்த்தவா, தேடவா?" என்று எழுதுங்கள். நகர்த்துவது மட்டும் என்றால் பணம் மூன்றாம் பத்திக்குப் போகும். சட்டம், பதிப்பு, பராமரிப்புக் கையேடு போல உள்ளே புகுந்து தேட வேண்டியவை மட்டுமே முதல் பத்திக்கு வரும்.

படி 3: கைமாறிய விலைகளைக் குறியுங்கள்

நிறுவனத்தை வாங்குபவர் பணம் போட்டுத் தன் கணிப்பைச் சொல்கிறார். 2023இல் மார்க்லாஜிக்கை ப்ரோக்ரஸ் 35.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஒருங்கிணைப்புப் பக்கம் பாருங்கள்: 2018இல் மியூல்சாஃப்ட்டுக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் கொடுத்தது சுமார் 650 கோடி டாலர். வெப்மெத்தட்ஸையும் ஸ்ட்ரீம்செட்ஸையும் 2024இல் ஐபிஎம் 213 கோடி யூரோவுக்கு எடுத்துக்கொண்டது. அந்த இரண்டையும் விற்றது யார் தெரியுமா? டாமினோவைக் கொண்டுவந்த அதே சாஃப்ட்வேர் ஏஜி.

இந்த எண்களை அப்படியே எக்ஸ்எம்எல்லின் மதிப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மியூல்சாஃப்ட் கையாளும் வடிவங்களில் எக்ஸ்எம்எல்லும் ஒன்று, அவ்வளவுதான்.

படி 4: எதிர்க்காற்றையும் அளந்துகொள்ளுங்கள்

இணையச் சேவைகளில் ஜேசான் வென்றுவிட்டது. இதில் வாதாட ஒன்றுமில்லை. தரவுத்தளங்களின் வினவல் மொழியான எஸ்க்யூஎல்லின் தரநிலையே 2016இல் ஜேசானுக்கு இடம் கொடுத்துவிட்டது. 2025இல் குரோம் குழு, எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியை (XSLT) உலாவியிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தபோது பலர் பதறினார்கள். உலாவியில் இருப்பது 1999இன் முதல் பதிப்பு. நிறுவனங்களின் சேவையகங்களில் ஓடும் மாற்றங்கள் தனி மென்பொருள்களை நம்பியவை. அந்த அறிவிப்பு அவற்றைத் தொடவில்லை. உங்கள் தாளில் இதை "பிம்பச் சேதம்" என்று எழுதுங்கள், வருமானச் சேதம் என்று எழுத வேண்டாம்.

படி 5: சதவீதத்தைத் தட்டிப் பாருங்கள்

சந்தை அறிக்கைகளின் இலவசச் சுருக்கத்தில் ஆண்டு வளர்ச்சி விகிதம் ஒன்று இருக்கும். 100 என்ற தொகை ஆண்டுக்கு 8% வளர்ந்தால் 7 ஆண்டுகளில் ஏறக்குறைய 171 ஆகும். 12% என்றால் 221. நாலே நாலு சதவீதம் முடிவை எவ்வளவு தள்ளிவிடுகிறது பாருங்கள். எண்ணை நம்புவதற்கு முன் அடிப்படை ஆண்டு எது, எந்தப் பத்தியை எண்ணியிருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

நான் ஒருமுறை இரண்டு அறிக்கைகளின் தொகையைக் கூட்டி மேலதிகாரியிடம் கொடுத்தேன். ஒன்றுக்குள் மற்றொன்று ஏற்கெனவே அடங்கியிருந்தது. விற்பவர்கள் எல்லோருடைய வருமானத்தையும் சேர்த்தாலும் இவ்வளவு வராதே என்று அவர் அமைதியாகக் கேட்டார். அன்றிலிருந்து அந்தச் சோதனையை நானே முதலில் செய்துவிடுகிறேன்.

படி 6: பத்திக்கு ஒரு வாக்கியம்

என் தாளில் இப்படி இருக்கிறது. தனித் தரவுத்தளம்: பதிப்பு, சட்டம், பாதுகாப்புத் துறைகளில் சிறிதாக, உறுதியாக நிற்கும், பரவாது. தரவுத்தளத்தோடு வரும் வசதி: எவரும் நீக்கமாட்டார்கள், எவரும் விளம்பரப்படுத்தவும் மாட்டார்கள். ஒருங்கிணைப்பு: வளரும், ஆனால் விற்பனைத் தாளின் தலைப்பில் எக்ஸ்எம்எல் என்ற சொல் இருக்காது. வேலை தேடுபவர் அந்தச் சொல்லோடு நிறுத்தாமல் ஐஎஸ்ஓ 20022, மின்விலைப்பட்டியல், எக்ஸ்பிஆர்எல் என்றும் தேட வேண்டும்.

தாளின் அடியில் மறுபார்வைத் தேதி ஒன்றைப் போட்டு வையுங்கள். நான் போட்டிருப்பது 2030 ஜூலை 1.