கோடாட்டில் அசெட்டுகளுக்கு ஒரு பணித்தளம் அமைத்தல்

மதுரையில் 1636-ஆம் ஆண்டு கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மஹாலைக் களமாகக் கொண்டு நாங்கள் ஒரு முப்பரிமாண விளையாட்டை உருவாக்கி வருகிறோம். இன்று எஞ்சி நிற்பது அரண்மனையின் ஒரு பகுதியே. சொர்க்க விலாசத்தின் தூண்களையும் சுதை வேலைப்பாடுகளையும் நேரில் பார்த்து அளந்துகொள்ளலாம். மறைந்துபோன ரங்க விலாசத்தை ஊகித்துத்தான் வரைய வேண்டும். எது பார்த்து வரைந்தது, எது ஊகித்து வரைந்தது என்று பிரித்துக் கேட்டால், கோடாட் என்னும் விளையாட்டு உருவாக்கும் மென்பொருளின் எடிட்டரோடு வரும் கோப்புப் பலகையால் விடை சொல்ல முடியாது. அதற்காக, அசெட்டுகளை (விளையாட்டில் சேரும் படம், முப்பரிமாண உரு, ஒலி போன்ற கோப்புகளை) பிரித்துக் காட்டும் பணித்தளம் ஒன்றைப் பிளகினாக (எடிட்டரில் சேர்க்கும் கூடுதல் நிரலாக) எழுதினோம். அதன் வழிமுறையை, 4.4 பதிப்பை அடிப்படையாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். கோடாட்டின் நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்ட்டில் சிக்னல்களை இணைக்கத் தெரிந்திருந்தால் போதும்.

பணித்தளம் எங்கே இருக்க வேண்டும்?

'ஆடான்ஸ்' கோப்புறைக்குள் பிளகினை உருவாக்கும் முன்பே இதைத் தீர்மானித்துவிடுங்கள். 2டி, 3டி தாவல்களுக்குப் பக்கத்தில் ஒரு முதன்மைத் திரையாக அமைத்தால் இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதைத் திறந்தவுடன் 3டி காட்சி மறைந்துவிடுவதால், அசெட்டை இழுத்துக் காட்சிக்குள் விட வழியில்லாமல் போகும். பக்கவாட்டுப் பலகையில் படங்களை வரிசையாகக் காட்ட அகலம் போதாது. என்னைக் கேட்டால் கீழ்ப்பலகைதான் சரியான இடம். அதில் சேர்க்கும் கன்ட்ரோலுக்கு (இடைமுக உறுப்புக்கு)க் குறைந்தபட்ச உயரம் கொடுக்க மறக்காதீர்கள்; கொடுக்காவிட்டால் பலகை ஒரு கீற்றாகச் சுருங்கிவிடும்.

பட்டியல்

கோப்புகளைத் திரட்ட, கோப்புறையை நேரடியாகப் படிக்கும் டிர்ஆக்செஸ் வேண்டாம். அது ஒவ்வொரு படத்தோடும் இருக்கும் இம்போர்ட் கோப்பையும் (கோடாட் அந்தப் படத்தைப் பற்றி எழுதி வைக்கும் துணைக் கோப்பையும்) சேர்த்தே கொண்டுவரும். எடிட்டர்ஃபைல்சிஸ்டம் தரும் கோப்புறை மரத்தில் இறங்கிச் செல்லுங்கள், 'ஃபைல்சிஸ்டம் சேஞ்ச்ட்' சிக்னல் வரும்போது பட்டியலைப் புதுப்பியுங்கள். காட்டுவதற்கு ஐட்டம்லிஸ்ட் போதும். ஐகானை மேலே வைத்து, அதிகபட்ச நெடுவரிசையை 0 என அமைத்தால், பலகையின் அகலத்துக்கு ஏற்ப அதுவே வரிசைப்படுத்திக்கொள்ளும். கிரிட்டா, பிளெண்டர் மூலக் கோப்புகளை விளையாட்டுக்குள் நேரடியாகப் பயன்படுத்தாவிட்டால், அவற்றைத் தனிக் கோப்புறையில் வைத்து அதில் ஒரு 'ஜிடிஇக்னோர்' கோப்பை இட்டுவிடுங்கள்; கோடாட் அந்தக் கோப்புறையைக் கண்டுகொள்ளாது. பட்டியல் சுத்தமாக இருக்கும்.

முன்னோட்டப் படங்கள்

புதிதாக எழுதுவோர் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று நின்று விளக்குகிறேன். எடிட்டர்ரிசோர்ஸ்பிரிவியூவிடம் 'கியூ ரிசோர்ஸ் பிரிவியூ' மூலம் ஒரு கோப்பின் படத்தைக் கேட்டால், அது உடனே கிடைக்காது. தயாரானபின் நாம் கொடுத்த ஃபங்ஷனைத் தேடி வரும். கேட்கும்போது ஏழாவது இடத்தில் தூண் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். படம் வந்து சேர்வதற்குள் தேடல் பெட்டியில் 'தீவட்டி' என்று தட்டிவிட்டால், ஏழாவது இடத்தில் இப்போது வேறொன்று இருக்கும். வரிசை எண்ணை நினைவில் வைத்துப் படத்தை ஒட்டினால், தீவட்டியின் பெயருக்கு மேல் தூணின் படம் வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது.

ஆகவே ஒவ்வோர் உருப்படியின் மெட்டாடேட்டாவிலும் கோப்பின் பாதையை வைத்துவிடுங்கள். படம் வரும்போது அதனுடனேயே பாதையும் வரும். அந்தப் பாதையுள்ள உருப்படியைத் தேடி, இருந்தால் ஐகானை மாற்றுங்கள், இல்லாவிட்டால் படத்தை விட்டுவிடுங்கள். சில வகைக் கோப்புகளுக்குப் படமே இல்லாமல் வெற்று மதிப்பு வரும். அப்போது வகைக்குரிய பொது ஐகானையே வைத்திருப்பது நல்லது.

இழுத்து விடுதல்

'கெட் டிராக் டேட்டா'வில் டைப் என்பதற்கு 'ஃபைல்ஸ்' என்றும், ஃபைல்ஸ் என்பதற்குப் பாதைகளின் வரிசையும் கொண்ட ஒரு டிக்ஷனரியைத் திருப்பி அனுப்புங்கள். எடிட்டரின் சொந்தக் கோப்புப் பலகை அனுப்புவதும் இதே வடிவம் என்பதால், தூணின் காட்சிக் கோப்பை 3டி காட்சியில் விட்ட இடத்திலேயே அது நிற்கும்.

குறிச்சொற்கள்

'நேரில் பார்த்தது', 'ஊகம்', 'இரவுக் காட்சி' போன்ற குறிச்சொற்களை ஒரு தனி ரிசோர்ஸ் கோப்பில் சேமியுங்கள். அதில் அசெட்டைப் பாதையால் அடையாளப்படுத்தாமல், கோடாட் ஒவ்வொன்றுக்கும் தரும் தனி அடையாள எண்ணான யுஐடியால் அடையாளப்படுத்துங்கள். பாதையை நம்பினால், ஒரு கோப்புறையின் பெயரை மாற்றிய அன்றே அத்தனை குறிப்புகளும் அநாதையாகிவிடும். யுஐடி இல்லாத கோப்புகளுக்கு -1 கிடைக்கும். அவற்றைக் குறியிட முடியாதவை என்று தனியே காட்டுங்கள்.

பின்சேர்க்கை: யுஐடியைப் பயன்படுத்திய பிறகும் குறிச்சொற்கள் காணாமல் போகின்றன என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் படங்களை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் நகர்த்தியிருக்கிறார். படத்தின் யுஐடி அதனுடன் இருக்கும் இம்போர்ட் கோப்பில்தான் உள்ளது. அதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் நகர்த்தினால் கோடாட் புதிய யுஐடியைக் கொடுத்துவிடும். கோடாட்டுக்கு உள்ளேயே நகர்த்துங்கள், அல்லது இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள். மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தில் இம்போர்ட் கோப்புகளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். புள்ளியில் தொடங்கும் கோடாட் கோப்புறையை மட்டும் விலக்குங்கள்.

உரிமத்துக்கும் ஒரு புலம் வைக்கும்படி வற்புறுத்துகிறேன். இணையத்தில் எடுத்த நாகசுர ஒலித்துண்டு கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பை உரிமத்தில் இருந்தால், அதை உருவாக்கியவரின் பெயரை விளையாட்டில் குறிப்பிட வேண்டும். சிசி ஜீரோ என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. உரிமப் புலம் காலியாக உள்ளவற்றை மட்டும் வடிகட்டிக் காட்ட ஒரு பொத்தான் வையுங்கள்; எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும்.