சோர்ந்த இரவில் கணக்குப் பார்க்காதீர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் விசுவாசி ஒருவரிடம், டச் (வெள்ளியின் தூய்மை அளவு) குறைந்த வெள்ளியை உயர்ந்த வெள்ளி என்று பில் போடச் சொல்லி வியாபாரி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் ஆர்டர் போய்விடும். அந்த நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் பணமே ஜெயிக்கும். ஆகவே பதிலை முன்பே தயாராக வைத்திருங்கள். வேதாகமத்தில், பாபிலோன் அரண்மனைக்குச் சிறைப்பட்டுப் போன தானியேல் ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படக் கூடாதென்று முதலிலேயே தீர்மானித்தார். அதோடு நிற்கவில்லை, பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்து 10 நாள் சோதித்துப் பாருங்கள் என்று மாற்றுவழியும் கேட்டார். வெறுமனே "முடியாது" என்பதைவிட, "உண்மையான டச்சைப் போடுகிறேன், கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்" என்பது எடுபடும். எல்லா வியாபாரியும் ஒத்துக்கொள்வார் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆர்டர் போய்விட்டால், அன்றிரவே விசுவாசத்தால் என்ன பயன் என்று கணக்குப் பார்க்காதீர்கள். சூரைச்செடியின்கீழ் சோர்ந்துபோய்ச் சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது பிரசங்கம் அல்ல, அடையும் தண்ணீரும். நீங்களும் சாப்பிட்டுத் தூங்குங்கள். காலையில் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் நடந்ததைச் சொல்லிச் சேர்ந்து ஜெபியுங்கள். அவருக்கு வேறு வியாபாரியைத் தெரிந்திருக்கவும் கூடும்.