அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பலில் கேபினை விலை பார்த்து எடுக்காதீர்கள்

சென்ற நவம்பரில் நடுக்கடலில், இரவுச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்த் தம்பதி சூப்பைத் தொடவே இல்லை. கப்பல் புறப்பட்டு இரண்டாவது நாள். கேபின் எங்கே என்று கேட்டேன். "பத்தாவது தளம் சார், முன்பக்கம் முனையிலேயே. கேரண்டி ரேட்ல கிடைச்சுது, ரொம்பக் குறைவு" என்றார் அந்தப் பையன். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதல் பயணத்தில் நானும் என் மனைவியும் செய்த அதே தவறு.

கோடையில் ஐரோப்பாவில் ஓடும் கப்பல்கள் பல, அக்டோபர் நவம்பரில் கரீபியன் பக்கம் இடம் மாறும், ஏப்ரல் வாக்கில் திரும்பும். வழியில் ஊர் குறைவு, அதனால் கட்டணமும் குறைவு. அந்த விலையைப் பார்த்துத்தான் புதியவர்கள் இதில் ஏறுகிறார்கள். அவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கேபின்

கேரண்டி ரேட் என்றால், எந்த வகை கேபின் என்பதை மட்டும் நீங்கள் சொல்வீர்கள், அறை எண் எது என்பதைக் கப்பல் கம்பெனி முடிவு செய்யும். யாரும் கேட்காமல் மிஞ்சிய கேபின்தான் பெரும்பாலும் வரும். தினம் ஒரு துறைமுகத்தில் இறங்கும் பயணத்தில் அது பெரிய விஷயம் இல்லை, இரவு தூங்க மட்டும்தானே அறைக்கு வருகிறோம். ஆனால் நாங்கள் போன வழி இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து அமெரிக்காவின் மயாமிக்கு, இடையில் நடு அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுகள் மட்டும். அசோர்ஸிலிருந்து மயாமிக்கு ஏறத்தாழ 2,800 கடல் மைல். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போனாலும் ஆறு நாள். அந்த ஆறு நாளும் அந்த அறைதான் உங்கள் வீடு.

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும், நடு சீட்டில் அவ்வளவு தெரியாது. கப்பலும் அப்படித்தான். எதிர் அலையில் கப்பல் தன் நடுப்பகுதியை மையமாக வைத்து முன்னும் பின்னும் ஏறி இறங்குகிறது, முனையில் இருப்பவருக்குத்தான் முழு ஏற்றமும் முழு இறக்கமும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு உயரம்தான் கணக்கு, காற்றில் தென்னையின் உச்சி ஆடுகிற அளவுக்கு அடிமரம் ஆடுவதில்லை. ஆக, முன்முனையில் மேல் தளம் என்றால் இரண்டு ஆட்டமும் சேர்ந்தே வரும். வட அட்லாண்டிக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிப்பது. சவுத்தாம்ப்டனிலிருந்து மேற்கே போகும் கப்பல் முதல் சில நாள் அந்தக் காற்றையும் அலையையும் முகத்தில் வாங்கிக்கொண்டேதான் போகும்.

எங்கள் முதல் பயணத்தில் மூன்றாவது இரவு, யாரோ இரும்புக் கதவை உலக்கையால் இடிப்பது போல முனையில் அலை மோதிக்கொண்டே இருந்தது. என் மனைவி விடிய விடிய வாந்தி எடுத்தாள். மாத்திரையை முன்கூட்டியே போட வேண்டும் என்று தெரியாமல், எல்லாம் ஆரம்பித்த பிறகு அவோமின் கொடுத்தேன், அது வயிற்றில் தங்கவே இல்லை. கடைசியில் கப்பல் மருத்துவமனையில் ஊசி. கேபினில் மிச்சம் பிடித்தது ஏறக்குறைய 200 டாலர், அந்த ஒரு காலையின் பில் அதைவிட அதிகம். காசு கூடப் போகட்டும், அவள் ஆசைப்பட்டு வந்த பயணத்தில் நான்கு நாள் கண்ணை மூடியபடியே கழிந்தது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கூடுதலாகக் கேட்ட தொகை அவ்வளவு சின்னது.

அதனால் தள வரைபடத்தைத் திறந்து, நடுப்பகுதியில், முடிந்தவரை கீழ்த் தளத்தில், நீங்களே எண்ணைப் பார்த்து எடுங்கள். முனையில் பால்கனியைவிட நடுவில் வெறும் ஜன்னல் கேபின் எவ்வளவோ மேல். மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்க வேண்டும். தலைக்கு மேல் நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியும் முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். பால்கனி எடுப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: இலையுதிர்காலத்தில் மேற்கே போகும்போது வெயில் இடது பக்கம், தெற்கிலிருந்து விழும். வலது பக்கம் பெரும்பாலும் நிழல், சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

அந்தத் தம்பதி ரிசப்ஷனில் கேட்டுப் பார்த்தார்கள், கப்பல் நிறைந்திருந்தது, மாற்ற முடியவில்லை. பகல் முழுக்கக் கீழ்த் தளத்தில், நடு மாடிப்படி பக்கத்து சோபாவில், அடிவானம் தெரிகிற மாதிரி உட்காரச் சொன்னேன், என்னிடம் இருந்த இஞ்சி மரப்பாவையும் கொடுத்தேன். ஐந்தாம் நாள்தான் அந்தப் பெண் முழுத் தட்டுச் சாப்பிட்டது.

கடிகாரம்

மேற்கே போகும்போது கப்பலில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைப்பார்கள், அதனால் சில இரவுகளில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பிரிட்டனில் குளிர்கால நேரம் வந்த பிறகு கிளம்பினால் மயாமி போவதற்குள் மொத்தம் ஐந்து. நல்லதுதானே என்று மதியமும் நீளமாகத் தூங்கிவிடுகிறார்கள். உடம்பு பழைய நேரத்திலேயே நிற்பதால் நாலாம் நாள் இரவு எட்டுக்கே கண் சொருகுகிறது, மதியத் தூக்கமும் சேர்ந்து விடிகாலை மூன்றுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மதியத் தூக்கத்தை விடுங்கள். அப்படியே விழித்துவிட்டால் பின்பக்கத் தளத்துக்குப் போங்கள், கப்பல் மேற்கே போவதால் சூரியன் நமக்குப் பின்னால், கப்பல் விட்டுச் செல்லும் வெள்ளைத் தடத்தின் மேல் எழும். திரும்பி வரும் பயணத்தில் எல்லாம் தலைகீழ், நாள் 23 மணி நேரமாகச் சுருங்கும். இன்சுலின் போடுபவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் நேரக்கணக்கைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபோன்

கரை மறைந்ததும் ஏர்பிளேன் மோட். கப்பலின் செல் நெட்வொர்க் பில் பயங்கரம்.

ஒரே ஒரு தீவை நம்பிக் கிளம்புவது

நடுவில் ஒரே ஒரு ஊர் இருந்தால் மனசு முழுக்க அதிலேயே போய் நிற்கும். அசோர்ஸின் துறைமுகமான பொன்டா டெல்காடாவில் காற்றும் அலையும் அதிகம் இருந்தால் கேப்டன் உள்ளே போகாமல் நேராக மேற்கே திருப்பிவிடுவார். எங்களுக்கு ஒரு முறை அப்படி நடந்தது, அறிவிப்பு வந்ததும் அழுதவர்களைக்கூடப் பார்த்தேன். தனியாக வெளியாள் மூலம் டாக்சியோ சுற்றுலாவோ பிடிப்பதாக இருந்தால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பி வருமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

முதல் இரண்டு நாளிலேயே எல்லாவற்றையும் முடிப்பது

கதவிடுக்கில் வரும் நிகழ்ச்சித் தாளில் பேனாவால் டிக் அடித்துக்கொண்டு காலை முதல் இரவு வரை ஓடுகிறார்கள், மூன்றாம் நாள் சலித்துப் போகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு நிகழ்ச்சி போதும்.

விசா

நாம் இந்திய பாஸ்போர்ட். சவுத்தாம்ப்டனுக்கு பிரிட்டன் விசா, அசோர்ஸ் போர்ச்சுகலைச் சேர்ந்தது என்பதால் ஷெங்கன், மயாமிக்கு அமெரிக்க விசா. மூன்றும் இருக்கிறதா என்று கப்பலேறும் இடத்திலேயே பார்ப்பார்கள்.