போஸ்ட்டாக்கிலிருந்து சொந்த லேப்: கே99/ஆர்00 விண்ணப்பம் எழுதுவது எப்படி

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சியில் போஸ்ட்டாக்காக (பிஎச்டி அல்லது எம்.டி. முடித்து இன்னொருவர் லேப்பில் ஆராய்ச்சி செய்பவராக) இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "கிரீன் கார்டு இல்லாமல் என்ஐஎச் பணம் கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். என்ஐஎச், அதாவது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள், தரும் பெரும்பாலான பயிற்சி ஃபெலோஷிப்புகளும், கே01, கே08, கே23 போன்ற கிராண்ட்களும் (ஆய்வு நிதிகளும்) அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். ஆனால் போஸ்ட்டாக்கிலிருந்து சொந்த லேப்புக்குப் போக உதவும் கே99/ஆர்00-க்கு அந்தத் தடை இல்லை. ஜே-1, எச்-1பி விசாவில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். நானும் விசாவில் இருந்தபோதுதான் வாங்கினேன். இப்போது சிறுநீரக நோய் ஆராய்ச்சிக்கு ஒரு சிறிய லேப் நடத்துகிறேன். ஜூனியர்கள் அனுப்பும் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்கிறேன். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த கிராண்ட் 2006-ல் தொடங்கியது. இரண்டு கட்டம். முதல் கட்டமான கே99, அதிகபட்சம் 2 ஆண்டு. அப்போது நீங்கள் மென்டாரின் (உங்கள் வழிகாட்டியின்) லேப்பிலேயே இருப்பீர்கள். அதற்குள் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் டெனியூர்-டிராக் (பின்னால் நிரந்தரமாகும் வாய்ப்புள்ள) உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்துவிட்டால், இரண்டாம் கட்டமான ஆர்00 உங்களோடு அங்கே வரும்: அதிகபட்சம் 3 ஆண்டு, ஆண்டுக்கு 2,49,000 டாலர் வரை. நேர்காணலுக்குப் போகும்போதே கையில் பணத்தோடு போகிறீர்கள் என்பதால் தேர்வுக் குழுக்கள் இதை உற்றுக் கவனிக்கும்.

ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தவர்களுக்கு ஆர்00 உதவாது. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப், இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப்புகள் என்று வேறு வழிகள் இருக்கின்றன. உங்கள் உழைப்பை அங்கே போடுங்கள்.

முதலில் நாள்காட்டி

விண்ணப்பக் கடைசித் தேதியன்று உங்கள் போஸ்ட்டாக் ஆராய்ச்சி அனுபவம் 4 ஆண்டுக்கு மேல் போயிருக்கக் கூடாது. இது மறுவிண்ணப்பத்துக்கும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் முறையிலேயே கிடைக்காமல், குறைகளைச் சரிசெய்து இரண்டாம் முறை வாங்கியவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டாம் வாய்ப்புக்கு இடம் வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

புது விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதிகள் பிப்ரவரி 12, ஜூன் 12, அக்டோபர் 12. மறுவிண்ணப்பத்துக்கு மார்ச் 12, ஜூலை 12, நவம்பர் 12. நீங்கள் 2024 செப்டம்பரில் போஸ்ட்டாக் சேர்ந்தீர்கள் என்று வையுங்கள். 2028 செப்டம்பரோடு தகுதி முடிகிறது. 2028 பிப்ரவரியில் முதல் முறை அனுப்பினால், மதிப்பாய்வு வரவே கோடை ஆகிவிடும். ஜூலை 12-க்குள் திருத்தி அனுப்புவது நடக்கிற காரியமில்லை. ஆக, உங்களுக்கு ஒரே வாய்ப்புதான். 2027 ஜூன் 12-ல் அனுப்பினால் இலையுதிர் காலத்தில் கருத்துகள் வரும், 2028 மார்ச் 12-ல் நிதானமாக மறுபடி அனுப்பலாம். அது தவறினாலும் ஜூலை கையில் இருக்கும். அதாவது, போஸ்ட்டாக் சேர்ந்து இரண்டாம் ஆண்டு முடியும்போது எழுத உட்கார்ந்துவிட வேண்டும். "இன்னும் ஒரு பேப்பர் வரட்டும்" என்று காத்திருப்பதில்தான் அதிகம் பேர் வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள்.

இந்த 4 ஆண்டுக்குள் குழந்தை பெற்ற பெண்கள் ஓராண்டு நீட்டிப்புக் கேட்கலாம். கேட்கத் தயங்காதீர்கள், அதற்காகத்தான் அந்த விதியே இருக்கிறது. எம்.டி. படித்தவர்களுக்கு, ஆராய்ச்சி இல்லாத ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) காலம் கணக்கில் சேராது. இதையெல்லாம் நீங்களாகவே முடிவு செய்யாமல் என்ஐஎச் புரோகிராம் ஆபீசரிடம் (உங்கள் துறை கிராண்ட்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியிடம்) மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று: கே99 கைக்கு வருவதற்கு முன்பே பேராசிரியர் வேலையில் சேர்ந்துவிட்டால் கே99-ம் இல்லை, ஆர்00-ம் இல்லை.

எது உங்களுடையது?

மதிப்பாய்வில் ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண்: விண்ணப்பதாரர், பயிற்சித் திட்டம், ஆய்வுத் திட்டம், மென்டார்கள், நிறுவனச் சூழல். நம் ஆட்கள் ஆய்வுத் திட்டத்திலேயே முழுச் சக்தியையும் செலவழிக்கிறார்கள். ஆனால் நான் படித்த வரைவுகளில் பலவீனமானவற்றுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்று உண்டு: மென்டாரின் லேப்பிலிருந்து இவர் எதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறார் என்பது தெரிவதில்லை. திட்டம் நன்றாக இருக்கும், தரவு நன்றாக இருக்கும், படித்து முடித்தால் அது மென்டாரின் அடுத்த கிராண்ட் போலவே இருக்கும். இந்தப் பணம் பிரிந்து போவதற்காகத் தரப்படுகிறது. எப்படிப் பிரிவீர்கள் என்பதை எழுத்தில் காட்டியே ஆக வேண்டும்.

என் விஷயத்தையே சொல்கிறேன். என் மென்டாரின் லேப், நீரிழிவில் போடோசைட் செல்களுக்கு உருவம் தரும் சட்டகப் புரதங்கள் எப்படிக் குலைகின்றன என்று பார்க்கும் லேப். சிறுநீரகத்தில் வடிகட்டும் சவ்வைப் பிடித்து நிற்கும் செல்கள் அவை. இறந்தால் பெரும்பாலும் திரும்ப வளராது. நான் எடுத்துக்கொண்டது அதே செல், வேறு கேள்வி: அதற்குள் கொழுப்பு ஏன் தேங்குகிறது? அதற்கு லிப்பிடோமிக்ஸ், அதாவது செல்லில் உள்ள கொழுப்பு வகைகளை அளந்து ஆராயும் முறை, தெரிய வேண்டும். எங்கள் லேப்பில் யாருக்கும் தெரியாது. ஆகவே மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் முறை) செய்யும் வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் கோ-மென்டார் ஆனார். கே99-ல் எலிகளை வைத்து முறையைக் கற்பது, ஆர்00-ல் அதை மனித பயாப்சித் திசுக்களுக்குக் கொண்டுபோவது. கேள்வி என்னுடையது, கற்க வேண்டியது தெளிவு, மென்டார் தானாகச் செய்யப்போவதில்லை.

போன ஆண்டு மதுரைக்காரத் தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, 'எனக்கு எதையெல்லாம் தருவீங்க'ன்னு பிஐகிட்ட (லேப் தலைவர்கிட்ட) எப்படிக் கேக்கறது? மரியாதைக் குறைவா இருக்காதா?" இது நம் பலருக்கும் உள்ள தயக்கம். பெரியவரிடம் பங்கு கேட்பது போல நெஞ்சு உறுத்தும். ஆனால் அங்குள்ள பிஐக்கள் இந்தப் பேச்சை எதிர்பார்க்கிறார்கள். பேசாமல் இருந்தால்தான் "இவர் இன்னும் தயாராகவில்லையோ" என்று நினைப்பார்கள். அவனை ஒரே ஒரு தாளில் மூன்று பத்தி போடச் சொன்னேன்: லேப்பிலேயே இருக்கப்போவது, என்னோடு வருவது, இரண்டு ஆண்டு வரை இருவரும் சேர்ந்து செய்வது. எந்த எலி வகை, எந்தத் தரவு, எந்தக் கேள்வி என்று பெயர் சொல்லி எழுதினான். பிஐ அதை வாங்கிப் படித்து, ஒரு எலி வகையை மட்டும் இரண்டாம் பத்தியிலிருந்து மூன்றாவதுக்கு அம்புக்குறி போட்டு மாற்றினார். மீதியை அப்படியே ஒப்புக்கொண்டார். பிறகு அந்தத் தாள்தான் மென்டார் கடிதத்துக்கு ஆதாரமானது.

அந்தக் கடிதத்தில் "இவர் மிகத் திறமைசாலி, என் முழு ஆதரவும் உண்டு" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. வேண்டியது இப்படி: "போடோசைட் கொழுப்பு பற்றிய கேள்வி முழுவதும் இவருடையது. கீழே குறிப்பிட்ட எலி வகைகளையும் தரவையும் இவர் தன் லேப்புக்கு எடுத்துச் செல்வார். என் லேப் இந்தக் கேள்வியில் இவரோடு போட்டியிடாது." மென்டாரும் கோ-மென்டாரும் சேர்ந்து 6 பக்கம் எழுதலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பார்கள், முன்பு பயிற்சி தந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதும் அதில் வர வேண்டும். முதல் வரைவை நீங்களே எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். கூச்சப்படாமல் எழுதுங்கள், ஆனால் புகழ்ச்சியை அவருக்கு விட்டுவிடுங்கள்.

12 பக்கம், அதற்கு முன் 1 பக்கம்

உங்களைப் பற்றிய பகுதிக்கும் ஆய்வுத் திட்டத்துக்கும் சேர்த்து 12 பக்கம்தான். பாதிக்குப் பாதி போல எடுத்துக்கொள்ளலாம். பயிற்சித் திட்டத்துக்கு ஒரு பக்கம் போதும் என்று நினைப்பவர்கள் அங்கேதான் அடி வாங்குகிறார்கள். "எல்லாம் தெரியும்" என்று எழுதினால், பிறகு எதற்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி என்று ரிவியூவர் கேட்பார். எதுவும் தெரியாதது போல எழுதினால் சொந்த லேப்புக்கு லாயக்கில்லை என்பார். தெரியாதவை இரண்டு மூன்றைப் பெயர் சொல்லுங்கள்: இந்த நுட்பம், இந்தப் புள்ளியியல் முறை, ஆள் வைத்து வேலை வாங்கும் அனுபவம். ஒவ்வொன்றையும் யாரிடம், எந்த மாதங்களில் கற்பீர்கள் என்று அட்டவணை போடுங்கள். உங்கள் நேரத்தில் குறைந்தது 75 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 9 மாத உழைப்பு, இதற்கென ஒதுக்க வேண்டும் என்பது விதி. அட்டவணையில் அது தெரியட்டும்.

ஒரு பக்க ஸ்பெசிஃபிக் எய்ம்ஸை (ஆய்வின் இலக்குகளைச் சொல்லும் பக்கத்தை) முதலில் எழுதுங்கள். மதிப்பாய்வுக் குழுவில் பலர் அதை மட்டும்தான் கவனமாகப் படிப்பார்கள். "நீரிழிவு எலிகளில் போடோசைட் கொழுப்பு மாற்றங்களை ஆராய்தல்" என்று எழுதினால் அது தலைப்பு, இலக்கல்ல. இப்படி எழுதிப் பாருங்கள்: "கொழுப்புத் தேக்கம் போடோசைட் இறப்புக்கு முன்பு வருகிறதா பின்பு வருகிறதா என்பதை 8, 16, 24 வார எலிகளில் அளத்தல். முன்பு வந்தால் அதைத் தடுத்துச் செல் பிழைக்கிறதா என்று சோதிப்போம். பின்பு வந்தால் இறக்கும் செல்லின் அடையாளமாக அது பயன்படுமா என்று பார்ப்போம்." எந்த விடை வந்தாலும் வேலை நிற்காது. முதல் எய்ம் தோற்றால் இரண்டாவதும் விழுந்துவிடும்படி அமைத்தால் எந்த ரிவியூவரும் அதைப் பிடித்துவிடுவார்.

எழுதும்போது ஏஐ கருவிகளிடம் பொறுப்பை ஒப்படைக்காதீர்கள். பெரும்பகுதி ஏஐ எழுதிய விண்ணப்பங்களை உங்கள் சொந்தக் கருத்தாக ஏற்பதில்லை என்று 2025 செப்டம்பர் முதல் என்ஐஎச் விதி வைத்திருக்கிறது.

யாருக்கு அனுப்புவது

என்ஐஎச் ஒரே அலுவலகம் அல்ல. 27 நிறுவனங்களும் மையங்களும் சேர்ந்தது. ஒவ்வொன்றும் கே99-ல் தரும் சம்பள உச்சவரம்பும் ஆய்வுச் செலவும் வேறுவேறு. என்ஐஎச் பணம் தந்த ஆய்வுகளைப் பட்டியலிடும் ரிப்போர்ட்டர் தளத்தில் 'மேட்ச்மேக்கர்' என்று ஒன்று இருக்கிறது. உங்கள் சுருக்கத்தை அதில் ஒட்டினால் எந்த நிறுவனம், எந்தப் புரோகிராம் ஆபீசர் என்று காட்டும். அதே தளத்தில் கே99 என்று தேடி, உங்கள் துறையில் வாங்கியவர்களின் சுருக்கங்களைப் படியுங்கள். அவர்களில் சிலரிடம் பழைய விண்ணப்பத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் மனமுவந்து தருவார்கள்.

புரோகிராம் ஆபீசருக்கு எய்ம்ஸ் பக்கத்தை இணைத்துச் சின்ன மின்னஞ்சல் போதும். என் ஆய்வு உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துமா, என் 4 ஆண்டுக் கணக்கு சரியா, செலவு வரம்பு என்ன என்று மூன்று கேள்வி. மருத்துவப் பரிசோதனை (கிளினிக்கல் ட்ரையல்) சேர்ந்த ஆய்வுக்கும் சேராததற்கும் தனித்தனி அறிவிப்புகள் உண்டு. தவறான அறிவிப்பின் கீழ் அனுப்பினால் படிக்காமலே திருப்பிவிடுவார்கள். மனிதத் திசு, நோயாளிகள் என்று ஏதாவது இருந்தால் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ரெஃபரன்ஸ் லெட்டர்கள் குறைந்தது 3, அதிகபட்சம் 5. மென்டாரும் கோ-மென்டாரும் தரக் கூடாது. அவற்றைக் கடிதம் எழுதுபவரே என்ஐஎச்-ன் இணையதளமான இ-ஆர்ஏ காமன்ஸில் நேரடியாகக் கடைசித் தேதிக்குள் ஏற்ற வேண்டும். நீங்கள் ஏற்ற முடியாது. பிஎச்டி வழிகாட்டி ஊரில் இருந்தாலும் எழுதலாம், ஆனால் நேர வித்தியாசத்தை நினைவில் வைத்து முன்னதாகவே நினைவூட்டுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் கிராண்ட் அலுவலகத்துக்குத் தனிக் கெடு இருக்கும், அது என்ஐஎச் தேதிக்கு முன்பே வரும். அதையும் அப்போதே விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் வந்த பிறகு

மொத்த மதிப்பெண் 10 முதல் 90 வரை, குறைந்தால் நல்லது. கூட்டத்தில் விவாதிக்கவே இல்லை என்று வந்தாலும் ரிவியூவர்களின் எழுத்துக் கருத்துகள் வரும். வந்த அன்று படித்து மூடி வையுங்கள், மனசு ஆறட்டும். அப்புறம் ஒவ்வொரு குறையையும் "தரவு வேண்டும்", "விளக்கம் வேண்டும்", "ஆள் வேண்டும்" என்று மூன்றாகப் பிரியுங்கள். கோ-மென்டார் போதாது என்று சொன்னால் புது ஆளைச் சேர்ப்பது சில வாரங்களில் நடக்கும். புதுத் தரவுக்கு மாதங்கள் ஆகும். அதனால் தரவு வேலையை முதலில் தொடங்குங்கள். மறுவிண்ணப்பத்தின் 1 பக்க முன்னுரையில் ரிவியூவரோடு வாதாடாமல், என்ன மாற்றினீர்கள் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள்.

வேலை பேசும்போது

ஆர்00-ன் 2,49,000 டாலர் முழுவதும் உங்கள் கைக்கு வராது. பல்கலைக்கழகத்தின் மேல்செலவும் (கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்கு அது எடுத்துக்கொள்ளும் பங்கும்) அதற்குள்தான். மேல்செலவு விகிதம் ஆய்வுச் செலவின் மேல் 55 சதவீதம் என்றால், ஆய்வுக்கு மிஞ்சுவது சுமார் 1,60,000 டாலர். அதிலேயே உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியும் ஒரு போஸ்ட்டாக்கின் சம்பளமும் போனால், எலிகளுக்கும் வேதிப்பொருள்களுக்கும் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பேச உட்காருங்கள். சில துறைத் தலைவர்கள் "உங்களிடம்தான் ஆர்00 இருக்கிறதே" என்று ஸ்டார்ட்-அப் தொகையை (லேப் தொடங்கப் பல்கலைக்கழகம் தரும் பணத்தை) குறைக்கப் பார்ப்பார்கள். அப்படிக் குறைக்கக் கூடாது என்பது என்ஐஎச் விதி. மற்ற புது உதவிப் பேராசிரியர்களுக்குத் தருவதற்கு இணையாகத் தர வேண்டும். பணிவாக, ஆனால் விதியைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். இடம், தொகை, பாடம் எடுக்காத நேரம் மூன்றும் வேலைக் கடிதத்தில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்திடுங்கள். விசா நீட்டிப்பை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். ஆர்00-க்கான விண்ணப்பத்தைப் புதுப் பல்கலைக்கழகம்தான் அனுப்பும். தொடங்க வேண்டிய தேதிக்கு இரண்டு மாதம் முன்பாவது அது போய்ச் சேர வேண்டும். புது இடத்து கிராண்ட் அலுவலகத்தில் இதைப் பார்க்கும் ஆள் யார் என்று, பெட்டி கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.