வினிகர் வாடை வந்தால் கையை எடு: பிக்கப் பின்பக்கக் கண்ணாடியில் செய்யக் கூடாதவை

போன வாரம் கேரேஜின் இந்தக் கோடியில் உட்கார்ந்து ஒரு ஹைலக்ஸ் பிக்கப்பின் கதவு உள்மூடியை (டோர் பேட்) கழற்றிக்கொண்டிருந்தேன். ஃபேன் காற்றில் ஊறுகாய் புளித்த மாதிரி ஒரு வாடை வந்தது. எனக்கு அத்துப்படியான வாடை. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஓடினால், அந்தக் கோடியில் புதிதாகச் சேர்ந்த அறந்தாங்கித் தம்பி சிலிக்கான் கன்னைப் பிடித்தபடி நிற்கிறான். எதிரே ஒரு அமெரிக்க பிக்கப். பின்பக்கக் கண்ணாடி இருக்க வேண்டிய ஓட்டையைச் சுற்றிப் பாதி தூரம் வெள்ளையாகப் பிதுக்கிவிட்டான்.

"டேய், நிறுத்துடா!"

"ஏன் அண்ணே, ஒட்டத்தானே போறோம்?"

திட்ட வாய் வரவில்லை. 2006-இல் இதே ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், வேறொரு கேரேஜில், நானும் அப்படித்தான் நின்றேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

கையுறை போடு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டு, பவர் விண்டோ ஸ்விட்ச் பக்கம் யாரையும் உட்காரவிடாதே என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை ரத்தம் வந்தால் தானாக வந்துவிடும் புத்தி. நாள்பட்டு வெளியே தெரிகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எந்தக் கண்ணாடி என்று தெரியாமல் ஸ்பேர் கடைக்குப் போன் போடுவது

பிக்கப்பில் பக்கவாட்டில் வரும் பின்பக்கக் கண்ணாடி என்றால் மூன்றில் ஒன்றாக இருக்கும். டபுள் கேபினின் பின் கதவில் ஏறி இறங்குவது ஒன்று. அதே கதவில் அதற்குப் பின்னால், நடுவில் ஒரு கம்பி தடுத்து, ரப்பருக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சின்னக் கண்ணாடி இன்னொன்று. நாங்கள் குவார்ட்டர் கிளாஸ் என்போம். மூன்றாவது, முன் சீட்டுக்குப் பின்னால் கேபினைக் கொஞ்சம் நீட்டிய வண்டிகளில் பாடியோடு பசை போட்டு ஒட்டியிருப்பது. மூன்றுக்கும் வேலை வேறு, நேரம் வேறு, கூலி வேறு.

ஊரிலிருந்து வருகிற பையன்கள் முதல் மாதம் தவறாமல் விழுகிற குழி ஒன்று உண்டு. "டிரைவர் சைடு பின் கண்ணாடி" என்று போனில் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் டிரைவர் சைடு வலப்பக்கம். இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். கடைக்காரர் இடப்பக்கத்துக் கண்ணாடியைச் சரியாகவே அனுப்புவார். வலப்பக்கம் உடைந்த வண்டி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதனால் டிரைவர் சைடு என்ற வார்த்தையே எங்கள் கேரேஜில் கிடையாது. சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார், உன் இடக்கையா வலக்கையா, அதைச் சொல். கூடவே முல்கியாவை, அதாவது வண்டியின் பதிவு அட்டையை, போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பிவிடு. சேசிஸ் நம்பர் அதில் இருக்கிறது. மாடல் வருஷத்தை வாடிக்கையாளர் வாயால் கேட்டு ஆர்டர் போட்டால் பாதி நேரம் தப்பாகத்தான் வரும்.

இதோடு ஒட்டிய இன்னொரு ஆசை: வந்த கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம் இடித்தால், லேசாகத் தேய்த்து உட்கார வைத்துவிடலாம் என்பது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைத்தது. மேல்தோல் இறுகி நெருக்கிக்கொண்டும் உள்ளே இழுத்துக்கொண்டும் இருக்கும். அதற்குப் பிறகு அதை வெட்டவும் முடியாது, துளையிடவும் முடியாது. கிரைண்டரை வைத்தால் ஒரு சத்தம்தான் கேட்கும், கையில் கற்கண்டுதான் மிஞ்சும்.

மூலையில் நிறுத்தி வைப்பது

செய்யாதே. நடுவில் குத்து விட்டாலும் தாங்குகிற கண்ணாடி, சிமென்ட் தரையில் ஒரு மூலை பட்டால் மொத்தமாக உதிரும். அட்டை போட்டு, நீள விளிம்பில் சாய்த்து வை.

சிலிக்கான்

சரி, 2006.

தொழிலுக்கு வந்து ஒன்றரை வருஷம். கண்ணாடி வேலையைத் தனியாக விட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை மாலை, கேபின் நீட்டிய வெள்ளை அமெரிக்க பிக்கப் ஒன்று வந்தது. வண்டிக்காரர் கோர்ஃபக்கான் பக்கம் படகை இழுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறவர். பாடியில் ஒட்டும் பின்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. புதுக் கண்ணாடி கையில் இருக்கிறது, அதை ஒட்டும் யூரித்தேன் பசை தீர்ந்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை, கடை இருக்காது. அவருக்கோ விடியற்காலை கிளம்ப வேண்டும். பக்கத்தில் பாத்ரூம் சாமான் கடை ஒன்று திறந்திருந்தது. 8 திர்ஹமுக்கு ஒரு சிலிக்கான் டியூப் வாங்கினேன். சுற்றிலும் பிதுக்கினேன், கண்ணாடியை அழுத்தினேன், டேப் போட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. விரலில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஓரத்தை வழித்து வேறு விட்டேன். அர்பாப், அதாவது முதலாளி, வந்து பார்த்துவிட்டு "ஜைன்" (அரபியில் நல்லது) என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு மாதம் கழித்து அதே வண்டி வந்து நின்றது. ஹைவேயில் ஓட்டும்போது கண்ணாடியின் கீழ் விளிம்பு வெளியே விலகியிருக்கிறது. பின்னால் இருந்தவர் கையால் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். நான் கத்தியே எடுக்கவில்லை. இரண்டு விரலால் இழுத்தேன், தோசை எடுக்கிற மாதிரி உரிந்து வந்தது. சிலிக்கான் நாடா முழுசாகக் கண்ணாடியோடு வந்துவிட்டது. பாடியின் விளிம்பில் ஒன்றுமில்லை, பெயின்டும் இல்லை. பழுப்பாக, பொரிந்த அப்பளம் மாதிரி துரு. நகத்தால் கீறினால் தகடு தகடாக விழுந்தது. கீழ் மூலையில் ஸ்க்ரூ டிரைவர் நுனி அந்தப் பக்கம் போய்விட்டது.

என்ன நடந்தது என்றால், பாத்ரூம் டியூபில் வருவது பெரும்பாலும் புளித்த வாடை அடிக்கிற சிலிக்கான். அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது, வினிகரில் இருக்கும் அதே அமிலம். பழைய பசையைச் சுரண்டும்போது என் கத்தி நாலைந்து இடத்தில் பெயின்டைக் கீறி இரும்பைக் காட்டியிருந்தது. அந்தக் கீறலின் மேல் அமிலத்தைப் பூசி, மேலே கண்ணாடியையும் வைத்து மூடிவிட்டேன். மீதியைக் கடல் காற்று பார்த்துக்கொண்டது.

அதோடு முடியவில்லை. தகடு வேலை பார்க்கும் டென்டர் வந்து துருப்பிடித்த விளிம்பை வெட்டி, தகடு வைத்து வெல்டு அடித்து, தேய்த்து, பெயின்ட் போட்டுக் கொடுத்தார். சரியான யூரித்தேனில் திரும்ப ஒட்டினால், மேல் விளிம்பில் ஒரு ஜாண் நீளத்துக்குப் பசை பிடிக்கவே இல்லை. அங்கே துரு இல்லையென்று துணியால் துடைத்ததோடு விட்டிருந்தேன். சிலிக்கான் போன பிறகும் அதன் வழுக்கல் அங்கேயே இருக்கும். அதன் மேல் யூரித்தேன் ஒட்டாது, பெயின்ட் நிற்காது, புதுச் சிலிக்கான்கூடச் சரியாக ஒட்டாது. தேய்த்து எடுத்து முதலிலிருந்து வந்தால்தான் உண்டு. டென்டிங், பெயின்டிங், இரண்டாவது கண்ணாடி எல்லாம் சேர்த்து 1,400 திர்ஹம். என் சம்பளம் அப்போது 1,100. நாலு மாதம் பிடித்தார்கள். 8 திர்ஹம் டியூப்.

இதைச் சொன்னால் இன்றைக்கு யூடியூப் பார்த்து வருகிற பையன்கள் விவரமாகக் கேட்கிறார்கள்: "வாடை வராத நியூட்ரல் சிலிக்கான் இருக்கே அண்ணே?" இருக்கிறது. அமிலம் விடாது, வாஸ்தவம். ஆனால் குலுங்குகிற பாடியில் ஒரு கண்ணாடியைப் பிடித்து நிறுத்துகிற வேலைக்கு யூரித்தேன்தான் செய்யப்பட்டது. நாளைக்கு அடுத்தவன் அங்கே கை வைக்கும்போது அந்த வழுக்கலை நியூட்ரலும் விட்டுவிட்டுத்தான் போகும். எரிச்சல் வருவது எங்கே என்றால், குவார்ட்டர் கிளாஸ் ரப்பரில் தண்ணீர் ஒழுகுகிறது என்று வரும் டபுள் கேபின்களில் பாதிக்கு, யாரோ ஒருவர் ரப்பரைச் சுற்றிச் சிலிக்கான் பூசித்தான் அனுப்பியிருக்கிறார்கள். 20 நிமிஷத்தில் ரப்பரை மாற்றிவிட்டுப் போகிற வேலை, ஒரு மதியம் முழுக்கச் சுரண்டுகிற வேலையாகிவிடுகிறது.

முறையாகச் செய்வது ஒன்றும் மலையில்லை. பழைய யூரித்தேனை இரும்பு வரை சுரண்டாதே. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு, மேலாகச் சீராகச் சீவு. புதுப் பசை மிக நன்றாகப் பிடிப்பது புதிதாகச் சீவிய பழைய பசையின் மேல்தான். அதை விரலால்கூடத் தொடாதே. கத்தி கீறிய இடத்துக்கு மட்டும் பிரைமர் வை, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் காயவிடு. கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கும். பசையின் மேல் வெயில் படாமல் மறைப்பது அதுதான். அதைத் துடைத்து, பசை பிடிக்க உதவும் ஆக்டிவேட்டர் போடு. நாசிலின் நுனியை வி வடிவில் வெட்டினால் பசை முக்கோணமாக எழும்பி நிற்கும். எங்கேயும் நிறுத்தாமல் ஒரே சுற்றாக இழு. தோல் கட்டுவதற்குள் கண்ணாடியை வை.

போலீஸ் ரிப்போர்ட் பார்க்காமல் கை வைப்பது

இங்கே அது கடையையே மூட வைத்துவிடும்.

கதவுக்குள் தூளை விட்டுவிடுவது

ஏறி இறங்கும் கண்ணாடி உடைந்தால் சீட்டில் கிடப்பது பாதிதான். மீதி கதவின் வயிற்றுக்குள் போய்விடும். வேக்யூம் போட்டு எடுத்தேன் என்பான் பையன். கதவை உள்ளங்கையால் ஓங்கித் தட்டு, இன்னும் ஒரு கை நிறைய விழும். திரும்ப வேக்யூம் போடு, திரும்பத் தட்டு. அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்து.

அதைவிட மோசம், கண்ணாடி ஓடுகிற சேனல் ரப்பரின் பஞ்சில் சிக்கியிருக்கும் ஒரே ஒரு பருக்கை. கண்ணுக்குத் தெரியாது. புதுக் கண்ணாடியை முதல் தடவை இறக்கி ஏற்றினதும் மேலிருந்து கீழ் வரை மயிரிழையில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைத் துடைக்கத் துணி கிடையாது. சேனலுக்குள் விரலை விடாதே. ஈரத்துணியைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரில் சுற்றி இழுத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

ஏற்றி இறக்கும் மெஷினோடு கண்ணாடியைப் பிடிக்கும் போல்ட்டில் பிளாஸ்டிக் புஷ், அதாவது ஒரு சின்ன வளையம், இருக்கும். உடைந்த கண்ணாடியோடு அதையும் குப்பையில் போட்டுவிட்டு, போல்ட்டை நேராகக் கண்ணாடியில் முறுக்குகிற வீரர்களும் இருக்கிறார்கள். அன்றைக்குத் தாங்கும். ஒரு வாரம் கழித்து யாராவது கதவை அறைந்து சாத்தும்போது போகும்.

உள்ளே ஒட்டியிருக்கும் பாலித்தீனைக் கிழிப்பது

டோர் பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டிய ஒரு ஷீட் இருக்கும். கதவுக்குள் இறங்கும் தண்ணீரைக் கேபினுக்குள் விடாமல் கீழே தள்ளுவது அதன் வேலை. பாலைவனத்தில் மழை எங்கே பெய்யப் போகிறது என்று இங்கே எல்லோரும் அதைக் கிழித்து எறிந்துகொண்டிருந்தார்கள். 2024 ஏப்ரல் 16 வந்தது. 1949-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து எமிரேட்ஸ் காணாத மழை. அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டருக்கு மேல். வெள்ளத்தில் முங்கின வண்டிகளை விடுங்கள். மேடான இடத்தில் நின்ற வண்டிகள் சிலவும் கார்பெட் ஊறி, நாற்றத்தோடு எங்களிடம் வந்தன. பேடைக் கழற்றினால் ஷீட் இல்லை. அதில் இரண்டு கதவு எங்கள் கேரேஜில் வேலை பார்த்தவை. யார் பார்த்தது என்று நான் கேட்கவில்லை. கிழியாமல் எடுக்கக் கத்தியால் பசையை மட்டும் அறுத்துக்கொண்டே போ. கிழிந்துவிட்டால் கெட்டியான பாலித்தீனில் அதே அளவு வெட்டி ஒட்டு.

ஒட்டினதும் சாவியைக் கொடுப்பது

வெயில்தான் கொளுத்துகிறதே, பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும் என்று நினைப்பார்கள். யூரித்தேன் இறுகுவது காற்றின் ஈரத்தில். ஆகஸ்ட் வெயிலில் தொட முடியாமல் கொதிக்கும் பாடியில் பசை வைத்தால், கண்ணாடியை வைப்பதற்குள் மேலே தோல் கட்டிவிடும். தொட்டுப் பார்ப்பவனுக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். நிழலில் நிறுத்தி, பாடி ஆறின பிறகு செய். எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்பது டியூபிலேயே போட்டிருக்கும். பையன்கள் விலையைப் படிக்கிற அளவுக்கு அதைப் படிப்பதில்லை.

ஒரு நாள் முழுக்க ஏதாவது ஒரு கண்ணாடி இரண்டு விரல் இறங்கியே இருக்கட்டும். எல்லாம் அடைத்த கேபினில் கதவை அறைந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வழி தேடும். பச்சையாக இருக்கும் பசைதான் அதற்குக் கிடைக்கிற வழி.

தண்ணீர் விட்டுப் பார்க்காதது

அறந்தாங்கித் தம்பியின் அந்த வண்டிக்கு இரண்டு மாலை போயிற்று, போட்ட சிலிக்கானைத் தேய்த்து எடுக்கவே. மூன்றாம் நாள் பக்கத்தில் நின்று அவனையே யூரித்தேன் இழுக்க வைத்தேன். கை நடுங்கினாலும் ஒரே சுற்றாக வந்தது. மறுநாள் அவனைப் பின் சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடியின் உள் விளிம்பு முழுக்க டிஷ்யூ பேப்பரைச் செருகச் சொன்னேன். நான் வெளியே ஹோஸைப் பிடித்தேன். பிரஷர் கிடையாது, சும்மா வழிகிற தண்ணீர். முதலில் கீழ் விளிம்பு, அப்புறம் பக்கங்கள், கடைசியில் மேலே. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிஷம். மேலிருந்து ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது.

கண்ணாடியைச் சுற்றி முடித்து, கூரை மேல் விட்டபோது உள்ளேயிருந்து கத்தினான்.

"அண்ணே, சொட்டுது!"

முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தான். செருகின டிஷ்யூ எல்லாம் காய்ந்தே இருந்தது. சீட்டின் பின்புறம் மட்டும் ஈரம். ஏறிப் பார்த்தேன். கேபின் பின்சுவரில், கூரைக்குக் கீழே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டின் ரப்பர் வெடித்துக் கிடந்தது. அங்கிருந்து லைனிங் வழியாக இறங்கிக் கண்ணாடியின் மூலைக்கு ஒரு சாண் தள்ளிச் சொட்டுகிறது. பழைய ஒழுகல், எங்கள் கை படுவதற்கு முன்பே இருந்தது. சாவியைக் கொடுத்து அனுப்பியிருந்தால் அடுத்த வாஷிங்கோடு "கண்ணாடி ஒழுகுது" என்று எங்கள் வாசலுக்குத்தான் வந்திருக்கும்.

வண்டிக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். லைட் ரப்பரையும் மாற்றிவிடச் சொன்னார். தம்பி உடனே எழுந்து அலமாரிப் பக்கம் போனான். எதை எடுக்கிறான் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.